இருபத்தேழாவது

ஒடுகத்தூர் வயலில் கிள்ளிய இலை
ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி
காட்பாடி வந்து சேர மணி நாலு.
"மீனா?" என்றார் கண்டக்டர்.
மக்காச்சோளம் என்றேன். நம்பாமல்
லக்கேஜ் போட்டார்.

மரபணுக் குடும்பம் ஒன்று, ஆட்கள் முப்பத்தொன்று.
கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னோ பின்னோ
மொத்தக் கட்டும் இரட்டித்துப் போனதாம்,
அதே எழுத்து, அதே பிழை, இரண்டு பிரதி.
ஒன்று வேலைக்குப் போனது
வேர் நுனிக்கு, கதிரின் பட்டுநூலுக்கு.
மற்றது சும்மா கிடந்து
எழுத்தெழுத்தாய் உதிர்ந்து
ரேஷன் கார்டில் மட்டும் பேருள்ள ஆளாயிற்று.

இருபத்தேழாவதையும் அப்படித்தான் குறித்திருந்தேன்
பென்சிலால்: செத்தது.

இந்த இலை தண்ணீர் கண்டு பதினெட்டு நாள்.
பாலாறு கண்டு
அதைவிட அதிகம்.

மறுநாள் ராத்திரி கரண்ட் திரும்பி
திரையில் கோடுகள் ஊர்ந்தபோது
முப்பதும் தரையோடு தரை.
இருபத்தேழு மட்டும் எழுந்து நடக்கிறது
இலையின் வாய்களை
ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு.

ஷாகிரா ரப்பரை நீட்டினாள்.
வேண்டாம், பிழையும் கிடக்கட்டும்.
குறுக்கே ஒரு கோடிழுத்து
தேதி போட்டேன்:
அக்னி நட்சத்திரம், மூன்றாம் நாள்.