கணக்கில் வராதது

பீப்பாய் நானூற்றுப் பதினேழு.
தட்டினால் பாதிக்கு மேல் காலி என்கிறது.
இருபத்தோரு வருட பார்படோஸ் வெயில்.

அயோனி குழாய் விட்டு உறிஞ்சி
இரண்டு விரற்கடை ரம் ஊற்றுகிறாள்.
முதலில் கருகிய ஓக்,
பிறகு பாகு, கனிந்து வெடித்த வாழைப்பழம்,
வெகுநேரம் கழித்து, நாக்கின் ஓரத்தில்,
மழை நனைத்த பள்ளிக்கூடப் பெஞ்சு.
துப்ப வேண்டும், அதுதான் வேலை.
விழுங்கிவிட்டாள்.

“மீதி எங்கே?”
பேனாவைத் திறக்கிறார் கலால் அதிகாரி.

சன்னலுக்கு வெளியே
ஆவி குடித்தே வளர்ந்த கரும்பூஞ்சை
கிடங்கின் கூரை தாண்டி
ஹோல்டிப் அம்மாள் வீட்டுச் சுவரில் ஏறியிருக்கிறது.
ஒரு சொட்டும் தொடாதவள்,
ஞாயிறு தவறினாலும் தேவாலயம் தவறாதவள்,
வருடாவருடம் வெள்ளையடிக்கிறாள்.

“காற்று” என்கிறாள் அயோனி.
எழுதிக்கொள்கிறார்.

அங்கே, கொடியில் துணி உலர்த்தியபடி,
ஆழமாக மூச்சிழுத்துப்
பாடத் தொடங்குகிறாள் அந்தம்மாள்.