ஆறாம் நிலையம்

பதினொரு மாதம் என் தோணியில்தான் ஏறினார்கள்.
வலையிறவுப் பாலத்தடியிலிருந்து
விடியப்புறம் மூன்று மணிக்குப் புறப்பாடு.
ஓட்டத்துக்கு மூவாயிரம், எண்ணெய் அவர்கள் கணக்கு.
போத்தலைத் தாழ்த்துவான் ஒருவன்,
இலக்கம் சொல்வாள் ஒருத்தி,
நான் மரக்கோலை ஊன்றித் தோணியை அசையாமல் பிடிப்பேன்.
சேற்றைக் குழாயில் அள்ளி
ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போனார்கள்.

மறுகா மூன்று வருசம் சத்தமில்லை.

போன புரட்டாதியில் மீன் செத்து மிதந்தது.
மணலையும் செல்வனும் வயிறு வெளுத்துக் கரை முழுக்க.
ஆலைத் தண்ணி என்றார் ஒருவர்,
வயல் மருந்து என்றார் ஒருவர்.
சங்கத்தில் ஆளுக்கொரு காரணம்,
ஒருவரிடமும் இலக்கம் இல்லை.
இலக்கம் யாரிடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

போனில் தேடினேன், கிடைத்தது.
தலைப்பில் எங்கள் வாவியின் பெயர்.
சுருக்கம் பத்து வரி, சும்மா பார்க்கலாம்.
கீழே ஒரு பூட்டு:
முப்பத்தொன்பது டொலர் தொண்ணூற்றைந்து சதம்,
நாற்பத்தெட்டு மணித்தியாலம் வாசிக்கலாம்.
பெருக்கிப் பார்த்தேன், பன்னிரண்டாயிரம் ரூபா.
நாலு ஓட்டக் கூலி,
என் கோல் குத்திய சேற்றை நானே பார்ப்பதற்கு.

காத்தான்குடி றிஸ்லாவுக்கு ஆஸ்பத்திரி லெப்பில் வேலை.
நண்டு வாங்க வந்தவளிடம் போனை நீட்டினேன்.
"இதுக்கா காசு கட்டப் போறீங்க?" என்றாள்.
தலைப்பை முழுசாய் மேற்கோள் குறிக்குள் போட்டாள்.
"முன்வாசல் பூட்டெண்டால் பின்வளவால வாங்க.
எழுதின ஆக்களே தங்கட கம்பஸ் களஞ்சியத்தில
ஒரு பிரதி போட்டு வைப்பாங்க, களவு இல்ல.
அதுவும் இல்லாட்டி
பேருக்குப் பக்கத்தில சின்னக் கடிதவுறை இருக்கே,
அதை அமத்தி எழுதுங்க.
இந்தக் காசில அவங்களுக்கு ஒரு சதமும் போறதில்ல.
கேட்டா சந்தோசமாத் தருவாங்க."
நண்டுக்குக் காசு வேண்டாம் என்றேன்.
தராசுக்கடியில் வைத்துவிட்டுப் போனாள்.

களஞ்சியத்தில் இல்லை. எழுதினேன்,
இங்கிலீசில் மூன்று வசனம்.
முதல் வசனம்: நான் நேசதுரை, தோணிக்காரன்.
இரவு பத்தரைக்கு அனுப்பி
வலை போட்டு வந்து பார்த்தால்
இலக்கம் சொன்னவள்தான், இப்போது நோர்வேயில்,
பதினான்கு பக்கத்தையும் அனுப்பியிருந்தாள்.
"உங்கள் மரக்கோல் ஞாபகம் இருக்கிறது" என்று கீழே ஒரு வரி.

கொமினிகேசனில் அச்சடித்தேன், பக்கம் இருபது ரூபா.
அகராதியும் பென்சிலுமாய் ஒன்பது இரவு.
அந்தக் கட்டுரையில் ஆளே இல்லை.
மாதிரிகள் பெறப்பட்டன.
ஆழம் அளக்கப்பட்டது.
படகு பயன்படுத்தப்பட்டது.
எல்லாம் தன்பாட்டில் நடந்த மாதிரி.
கோபம் வரப் பார்த்தது,
அதற்குள் மூன்றாம் அட்டவணை வந்துவிட்டது.

ஆறாம் நிலையம்.
அகலாங்கு நெட்டாங்கைப் போனில் அடித்தேன்:
நான் நண்டுக்கூடு போடுகிற இடம்.
விடியப்புறம், அடித்தண்ணியில் கரைந்த ஒட்சிசன்
லீற்றருக்கு ஒன்று தசம் மூன்று மில்லிகிராம்.
அந்த நேரம் இறால் கரையோரம் ஏறித் துள்ளுவதைச்
சின்னனிலிருந்து பார்க்கிறேன்.
விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.
மூச்சுக்கு.

பங்குனி வரிசையில் மட்டும் ஐந்து தசம் எட்டு.
அவ்வளவு நல்ல தண்ணியா அங்கே?
பென்சிலை வைத்துவிட்டு யோசித்தேன்.
அன்று காற்று இழுத்தது,
கருவியில் பற்றறி செத்திருந்தது,
இருட்டு.
கோல் சேற்றில் நிற்காமல்
முந்நூறு யார் ஓட்டத்துக்குள் போய்விட்டோம்.
எனக்குத் தெரியும். குளிர், பசி, சொல்லவில்லை.

ஞாயிறு சங்கக் கூட்டம்,
பதினான்கு பக்கமும் கொண்டுபோகிறேன்.
அதற்கு முதல் நோர்வேக்கு இன்னொரு கடிதம்.
பங்குனி, ஆறாம் நிலையம், அந்த இலக்கம் பிழை.
கோல் நழுவவிடப்பட்டது என்று எழுதி
வெட்டினேன்.
கோல் என் கையில் இருந்தது.