பேச்சுவார்த்தை இல்லை

குன்றக்குடி மலைக்குப் பின்புறம்
பாதை முடிகிற இடத்தில் என் வீடு.
அதற்கு மேலே பாறை,
பாறைக்கு மேலே மயில்,
அதற்கு மேலே எனக்குத் தெரியாது.

சிலிண்டர் வண்டி கீழே புளியமரத்தோடு நின்றுவிடும்.
"மேல ஏத்துனா டயர் போயிரும்ணே" என்பான் பையன்.
முப்பது கிலோவைத் தோளில் வைத்து
அறுபத்தியிரண்டு எட்டு. எண்ணியிருக்கிறேன்.
இரண்டு இடத்தில் இறக்கிவைக்க வேண்டும்:
ஒன்று, கோயில் மாடு படுக்கும் திருப்பம்.
மற்றது, அடைக்கி வீட்டு வாசல்.

அந்த வாசலில்தான் இப்போது
இறக்கிவைக்க முடியாது.

ஆடி பிறந்த வாரம் அவள் ஆடு
பள்ளிக்கூட யூனிபார்ம் துணியில்
ஒரு கால்சட்டை அளவுக்குத் தின்றது.
நான் ஏதோ சொன்னேன்.
அவள் அதற்கு மேலே ஏதோ சொன்னாள்.
"பொண்டாட்டி சிவகங்கையில ஊசி போடுறா,
நீ இங்க ஊசி கோக்குற!"
பாறை முழுக்க எதிரொலித்தது.
மயில் வேறு அகவித் தொலைத்தது.

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஆட்டுக்குப் பெயர் கலெக்டர்.
ஒவ்வொரு வீட்டு முன்னாலும்
நின்று பார்வையிட்டுப் போகும் என்பதால்.

குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்,
நாலரைக்கோ ஐந்தேகாலுக்கோ,
மோட்டார் போடும் சேதுவுக்கு
எப்போது விழிப்பு வருமோ அப்போது.
என் மேட்டுக்குக் கடைசியில் ஏறி
முதலில் நின்றுபோகும்.
பள்ளத்தில் இருக்கிற அடைக்கிக்குத்தான் முன்னால் தெரியும்.
முன்பெல்லாம் "அண்ணே, தண்ணி" என்று ஒரு குரல் வரும்.

பேச்சு நின்ற மூன்றாம் நாள்
இருட்டில் கத்துகிறாள்:
"ஏ கலெக்டரு, தண்ணி வந்திருச்சு,
இன்னும் என்ன தூக்கம்?
குடத்தத் தூக்கிட்டு ஓடு!"

கலெக்டருக்குக் குடம் கிடையாது.
நான் எழுந்து ஓடினேன்.

அன்று பகலில் நான் தையல் மிஷினிடம் சொன்னேன்,
ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு:
"கேட்டியா, ரேஷன்ல பருப்பு
இன்னைக்கி மட்டுந்தான் போடுறாங்களாம்."
கொஞ்ச நேரத்தில்
பையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு
அவள் சரிவில் இறங்கிப் போனாள்.

ராத்திரி அவள் முறை:
"கருகுற வாடை இங்க வரைக்கும் வருது கலெக்டரு.
பாதி வெங்காயத்த எண்ணெயில தொட்டுக்
கல்லுல தேச்சா ஒட்டுமா?"

பாறையில் மிளகாய் காயப்போட்டுவிட்டு
பட்டன் வாங்கக் காரைக்குடி போயிருந்தேன்.
திரும்புகையில் கோவிலூர் தாண்டியதும் மழை.
பஸ்ஸில் எல்லாரும் ஷட்டரை இறக்க
நான் மட்டும் திறந்துவைத்து நனைந்தேன்,
என்னமோ நான் நனைந்தால்
மிளகாய் நனையாது என்பதுபோல.

வீட்டு நடையில் ஒரு சாக்கு. என்னுடையது இல்லை.
உள்ளே என் மிளகாய், மொறுமொறுவென்று.
மயில் கொத்தாமலிருக்க முறத்தைக் கவிழ்த்து
அதன் மேல் ஒரு அம்மிக்குழவி.
நான் போட்டது இரண்டு கிலோ.
நிறுத்துப் பார்க்கவில்லை.

சாக்கின் மூலை கிழிந்திருந்தது.
இரட்டைத் தையல் போட்டு
கலெக்டர் கழுத்தில் கட்டி அனுப்பினேன்.
அது வழியிலேயே நின்று
சாக்கைத் தின்னப் பார்க்க
அடைக்கி ஓடிவந்து பிடுங்கினாள்.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
தோள் மட்டும் குலுங்கியது.

சனிக்கிழமை ஜோதிமீனா வந்தாள்.
பையை இறக்குமுன்னே கேட்டாள்,
"இன்னும் பேசிக்கலியா ரெண்டு பேரும்?"
"இல்ல."
தட்டில் இருந்த தோசையைப் புரட்டிப் பார்த்தாள்.
கிழியவில்லை, கருகவில்லை.
"யாரு சொல்லிக் குடுத்தா?"
"கலெக்டரு."

சாயங்காலம் காலி சிலிண்டரோடு இறங்கும்போது பார்த்தேன்:
அடைக்கி வாசலுக்கு ஒரு எட்டு தள்ளி
புதிதாக ஒரு தட்டைக்கல்,
ஆடாமலிருக்க அடியில் சல்லி திணித்து.
அவள் வாசல் இல்லை அது.
மேலேறும் கணக்கில்
நாற்பத்தியோராவது எட்டு.