காலைக்கடன், இருபது தவணை

ஐந்தரைக்கு அலாரம்.
குளியலறைத் தரையில் பழைய துண்டை விரித்து
இடப்பக்கமாக ஒருக்களித்து
முழங்காலை மடக்கிப் படுக்கிறேன்.
கட்டைவிரல் அளவில் ஒரு குழாய்.
மூடியைத் திருகி, ஒரு சொட்டைப் பிதுக்கி
முனையில் தடவி, மீதியை உள்ளே.
பத்து நிமிடம் அடக்க வேண்டும்.

கதவுக்கு அந்தப் பக்கம் தெயோதொஸ்யா
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறாள்.
நேரம் பார்ப்பது அவள் பொறுப்பு.
கூடவே வூச் நகரத்தின் காலைச் செய்தி வாசிக்கிறாள்:
மைனஸ் ஆறு. பனித்தூறல்.
பத்தாம் எண் டிராம் தாமதம்.
"தடம் மாற்றுகிற முள் உறைந்திருக்கும்"
என்கிறேன் தரையிலிருந்து.
"பேசாதே. நாலு நிமிடம்தான் ஆகியிருக்கிறது."

முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவன்.
முனையத்திலிருந்து முனையத்துக்கு எழுபது நிமிடம்,
நடுவில் இறங்க முடியாது.
அடக்குவதில் எனக்குப் பட்டமே தரலாம்.
ஆனால் இங்கே கேட்பது வேறு வித்தை:
பின்னால் காலி, முன்னால் நிறை.
மலக்குடலில் ஒன்றும் இருக்கக் கூடாது,
சிறுநீர்ப்பையில் மூன்று குவளைத் தண்ணீர் நிற்க வேண்டும்.
இரண்டுக்கும் இடையில் அந்த அக்ரூட் கொட்டை
நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்க வேண்டும்.
கதிருக்கு
வீடு மாறியவர்களைத் தேடத் தெரியாது.

முதல் நாள் ஒரு தாள் கொடுத்தார்கள்.
முட்டைக்கோஸ் கூடாது, பட்டாணி கூடாது,
வெங்காயம், பீர், சூயிங்கம்கூடக் கூடாது.
சாப்பிடும்போது பேசினால் காற்றை விழுங்குவீர்கள்.
போலந்துக்காரனிடம் இதைச் சொல்வதற்கு
ஊரை விட்டுப் போ என்றே சொல்லியிருக்கலாம்.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
இந்த இரண்டறை வீட்டை வாங்கினோம்.
இப்போதும் அதே கட்டு.
வாங்குவது வருடங்களை.
எத்தனை என்று யாரும் சொல்லவில்லை.

தாளின் பின்பக்கம்
படுக்கையைப் பற்றி நாலு வரி இருந்தது.
அதை இருவரும் தனித்தனியாகப் படித்தோம்.

ஒன்பதாம் நாள் மேஜையில் கிடக்கிறேன்.
ஒலிபெருக்கியில் யகோதாவின் குரல்:
"பான் பொகுமிவ், உள்ளே காற்று.
நாலு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது.
எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்."

எங்கள் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம்.
நாலு மில்லிமீட்டர் விலகினால்
வளைவில் சக்கரம் கிறீச்சிடும்.
அதற்கு நானே புகார் எழுதியிருக்கிறேன்.
அதனால் கோபம் வரவில்லை.

தாழ்வாரத்தில் ஏற்கெனவே இரண்டு பேர்,
ஒரு நோட்டரி, ஒரு பாதிரியார்,
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
உலகத்தைப் பற்றி யோசிப்பவர்கள்போல நடக்கிறார்கள்.
"இதற்கென்றும் ஒரு புனிதர் இருப்பார்"
என்றார் பாதிரியார் மெதுவாக,
"பெயர்தான் வாயில் வரவில்லை."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
நிறுத்தம் வரை போய்த் திரும்பலாம்.
பத்தாம் எண் வந்தது.
ஓட்டுகிற பையன் என்னை அடையாளம் கண்டு
மணி அடித்தான்.
அந்த நொடியில்
நானும் பதில் மணி கொடுத்தேன்,
நீளமாக, ஒற்றையாக.
பக்கத்தில் நின்ற அம்மாள்
பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து படுத்தேன்.
இயந்திரம் என்னை ஒரு சுற்று சுற்றியது.
இரண்டு நிமிடம். சூடில்லை, வெளிச்சமில்லை.
தவணையை வாங்கிக்கொண்டு போனவன்
ரசீதுகூடத் தரவில்லை.

இரவு வெள்ளைச் சோறு, வெந்த கேரட்.
அவள் பசியில்லை என்றாள்.
விளக்கை அணைத்த பிறகு
அவள் தலைமுடியில் புகை வாசம்.
"மூன்றாம் மாடியிலா சாப்பிட்டாய்?"
வெகுநேரம் பதில் இல்லை.
"பட்டாணி சூப்" என்றாள் கடைசியில்.
"விலா எலும்பு போட்டா?"
"போட்டு."
"மார்ஜோரம்?"
"அவளுக்கு எங்கே அதெல்லாம் தெரியும்!
உப்பும் கூட."
"சரி, முதல் கரண்டியிலிருந்து சொல்."

என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.
சூடாக இருந்தது, என்று ஆரம்பித்தாள்.