மூன்றாவது தும்மல்

ஐஸ்லாந்தில் பெயரின் பின்பாதி
பெரும்பாலும் அப்பா தருவது,
இன்னார் மகள், இன்னார் மகன் என்று.
எனக்கு அம்மா தந்தாள்:
ஏய்திஸ், சிகுர்லாய்கின் மகள்.
பள்ளிப் பதிவேட்டில் அதைப் பிழையென்று நினைத்து
ஆசிரியர் அடிக்கப் போனார்.
பிழை இல்லை என்றேன். ஏழு வயது.

அம்மாவிடம் கேட்டதுண்டு.
உருளைக்கிழங்கின் தோலைச் சீவியபடி
"ஒரு கோடைக்காலம்" என்பாள்.
அதற்கு மேல் அந்தக் கதையில்
ஆள் நடமாட்டம் இல்லை.

மே மாதம், இருட்டாத இரவு, இரண்டு மணி.
வெள்ளைக் கிடாய்க்கும் வெள்ளைப் பெட்டைக்கும்
கரிக்கட்டையாய் ஒரு குட்டி விழுந்தது.
நான் திகைக்கவில்லை.
குறிப்பேட்டைப் பின்னே புரட்டினால்
கிடாயின் வழியில் ஒரு கறுப்பி,
தாயின் வழியில் ஒரு கறுப்பி.
வெள்ளைக் கம்பளிக்கு அடியில் மூச்சுக் காட்டாமல்
இத்தனை பனிக்காலம் நடந்து வந்து
இந்த வைக்கோலில் சந்தித்திருக்கிறார்கள்.
ஆட்டுக்கு இவ்வளவு ஒழுங்காய்க் கணக்கெழுதும் கை
என் பக்கத்தில் மட்டும் பாதியை விட்டுவைத்திருக்கிறது.

எனக்கொரு வியாதி. வியாதி என்றும் சொல்ல முடியாது.
இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்தால் தும்முவேன்.
ஒன்றல்ல, மூன்று.
அம்மாவோ வெயிலை நேரே பார்ப்பாள்,
கண்கூடச் சிமிட்டமாட்டாள்.
"பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் போதும்,
காசு சுண்டுவது மாதிரி, பாதிக்குப் பாதி"
என்றார் டாக்டர்.
சுண்டியது யார் என்று அவரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் மலையிலிருந்து மந்தைகள் இறங்கின.
வட்டப்பட்டி முழுக்க ஆடு, சேறு, கூச்சல்.
காதுவெட்டைத் தடவித் தடவி
அவரவர் அடைப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தோம்.
இடக்காதில் பிறை, வலக்காதில் கீற்று: எங்களுடையது.
மூன்று நாளாய்ப் பெய்த மேகம் சட்டென்று கிழிந்தது.

தும்மினேன்.
பட்டியின் எதிர்ப்பக்கம் ஒரு தும்மல்.
மறுபடியும்.
அங்கேயும் மறுபடியும்.
மூன்றாவதை மூக்கைப் பொத்தி நிறுத்தினேன்,
காது கொடுக்க.

வந்தது.

மேலைப் பள்ளத்தாக்கு யோர்லைவுர்
கையுறையால் தாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
அவருடைய மூத்தவனும் தும்மிவிட்டுக் கைக்குட்டை தேடினான்.
இளையவன் ஒன்றும் ஆகாமல் சிரித்தான்.

நாலில் ஒருவருக்கு இது உண்டு
என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.
அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.
அதற்குள் அவர் ஒரு பெட்டையைக் கொம்போடு பிடித்து
இரண்டு காதையும் நிதானமாய்த் தடவிப் பார்த்து
என் பக்கம் தள்ளினார்.
"இது உங்கள் வீட்டுடையது."
"ஆமாம்" என்றேன்.
வேறொன்றும் வாயில் வரவில்லை.

கல்சுவரோரம் பிளாஸ்க்கோடு அம்மா.
இத்தனை வெயிலிலும் அவள்
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
காபி வேண்டுமா என்றாள்.
வேண்டும் என்று வாய் திறந்தேன்,
அடக்கிவைத்த மூன்றாவது
அப்போது வந்தது.