ஏழாம் தாள்

மெர்வ் நகரில், காகிதச் சந்தின் கடைசிக் கடை என்னுடையது.
தாளுக்கு இரண்டு திர்ஹம். படம் இருந்தால் மூன்று.

மாஹ்துக்த் கொண்டுவந்த கட்டில் படங்கள் நிறைய.
கணவன் ரூஸ்பிஹ், முர்காப் வாய்க்காலில்
நீர் அளந்த கணக்கன். காய்ச்சலில் போய்விட்டான்.
பதினொரு வருடம், பகல் கணக்கை ஒப்படைத்த பிறகு,
யவனனின் ஐந்தாம் எடுகோளை
நிறுவப் பார்த்திருக்கிறான்.

முதல் நான்கையும் யவனன்
குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல் கேட்டான்.
ஐந்தாவதற்கு மட்டும்
கடன் கேட்க வந்தவனின் இழுவை:
இரண்டு கோடுகளை மூன்றாவது ஒன்று வெட்ட,
ஒருபக்கத்து உள்கோணங்கள் சேர்ந்து
இரண்டு செங்கோணத்துக்குக் குறையுமானால்,
அந்தப் பக்கமாக நீட்ட நீட்ட
எங்கோ சந்திக்கும்.
எங்கோ.
போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் யார்?

மை தொட்டு எழுதிக்கொண்டே போகிறேன்.
அடிக்கோட்டின் இருமுனையிலும்
ஒரே உயரத்தில் இரண்டு செங்குத்துகள்.
மேலே கோடு போட்டு மூடினால் இரண்டு கோணங்கள், சமமானவை.
விரிகோணமா? ஆறாம் தாளிலேயே
மூச்சுத் திணறவைத்துக் கொன்றுவிட்டான்.
குறுங்கோணமா?
ஏழாம் தாள்:
'சந்திக்காத கோடுகளின் இடைவெளி
மாறாது என்பது தெளிவு.'

எழுதுகோல் நின்றது.
தெளிவா?
நிறுவ வந்ததே அதைத்தானே ஐயா!
வாங்கிய கடனை அடைக்க
அதே ஆளிடம் போய்க் கை நீட்டியிருக்கிறாய்.

அவளிடம் சொல்லலாம்.
சொன்னால் கட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்,
எனக்கோ கரி வாங்கவே காசில்லை, பனிக்காலம்.

என் கண்தான் பிசகோ என்று
தாளை விளக்கின் முன் பிடித்தேன்.
மற்ற வரிகள் இருட்டாக நிற்க
அந்த ஒரு வரி மட்டும் பளிச்சென்றது.
கத்தியால் சுரண்டியிருக்கிறான்,
ஒரு தடவையா, பல தடவை,
வெங்காயத்தோல் அளவுக்குத் தேய்ந்திருந்தது.
'தெளிவு' என்ற சொல்லுக்கு அடியில்
'போலும்' என்று ஒரு தடம்.
அதற்கும் அடியில் இருந்ததைப் படிக்க முடியவில்லை.

படித்தபடியே எழுதினேன்.
தெளிவு என்றே எழுதினேன்.
சமர்கந்துத் தாள் எங்கும் ஒரே கனம்,
அந்த மெலிவை எதில் தொட்டு எழுத?

வெள்ளிக்கிழமை வந்தாள்.
"முடிந்ததா?"
"எழுதி முடித்துவிட்டேன்" என்றேன்.
கூலியில் பாதியைக் கழித்துக்கொள்ளச் சொல்லி
பழைய ஏழாம் தாளை மட்டும் கேட்டேன்.

காசை முழுதாக எண்ணி வைத்தாள்.
வற்றலாக்கிய முலாம்பழம் ஒரு பொட்டலம், அதன் மேல்.
"அதைத் தரமாட்டேன்" என்றாள்.
"எங்கள் வீட்டிலும் விளக்கு இருக்கிறது."