தடவைக்கு ஒன்று

பிர்னோ, ட்ராம் கொட்டகை மாடி, மூன்றாம் மேசை.
ஸ்டிஸ்லாவா எடுத்த சீட்டு ஏழும் பூதங்கள்;
நிற்க நிலமில்லை.
கலைத்தாள். ஆறு.
ஒரே நிலம், அதுவும் சதுப்பு.
கலைத்தாள். ஐந்து.

தலையெழுத்தை இங்கே அழித்து எழுதலாம்,
தடவைக்கு ஓர் எழுத்து பிடித்துக்கொள்வார்கள்.

“விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே” என்றார் நடுவர்,
மீசையிலிருந்த ரொட்டித்தூளைத் தட்டியபடி.
ஒன்றுதான்.
விழுந்த சீட்டுதான் வேறு.

எதிரே பொஹுமில் கலைக்கவே இல்லை.
கொடுத்துவைத்தவன் என்று அவளுக்கு எரிந்தது.

நாலு சுற்று:
நிலம், நிலம், நிலம், நிலம்.
வேறெதையும் அவன் இறக்கவில்லை.

தோற்றபின் சொன்னான், காது சிவக்க:
ஏழும் நிலமாம்.
ஒன்று குறையுமே என்று பயந்து
ஏழையே
பிடித்துக்கொண்டிருந்தானாம்.

நியாயம் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை.
கடைசி ட்ராமுக்கு இருவரும் ஓடினார்கள்.